ஏழாவது பொருள்: யானை

(நமது சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருப்பதால், அன்று வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் எழுதித் தரச் சொன்னார். நேரம் போதாமல் அங்கே விட்டுப்போனதையும் சேர்த்திருக்கிறேன்.)



மேடைப்பேச்சு எனக்குப் பழக்கமில்லை. முப்பத்தைந்து வருடம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து "அடுத்த டோக்கன்" என்று மட்டும் சொல்லிப் பழகியவன். ஐந்து நிமிடம் தருவதாகச் செயலாளர் சொன்னார். பதினைந்து ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடன் கேட்கும்போதே கூடுதலாகக் கேட்டுவிட வேண்டும், பிறகு டாப்-அப் கேட்டு அலையக் கூடாது.

விஷயம் உங்களுக்குத் தெரியும். வரும் தையில் நம் வளாகப் பிள்ளையாருக்குக் கும்பாபிஷேகம். தீர்த்தக்குட ஊர்வலத்துக்கு முன்னால் முகபடாம் போட்ட யானை ஒன்று வந்தால் பார்க்க நன்றாயிருக்கும் என்று விழாக்குழுவில் ஒரு யோசனை. கூடவே செண்டை மேளம், வாணவேடிக்கை. யோசனை சொன்னவர் என் நல்ல நண்பர், காலையில் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் நடக்கிறோம். அவர் இதைச் சொன்ன அன்று என் பேத்தி சோபாவில் ஏறிக் குதித்தாள். ஆகவே வீட்டிலேயே எனக்கு ஓட்டு இல்லை என்பதைத் தெரிந்துகொண்டுதான் இங்கே நிற்கிறேன்.

யானை மேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. ஆசை அதிகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் போளூர்க்காரன். உடனே ஆரணிப் பக்கமா என்று கேட்பீர்கள். இல்லை. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று போய்க்கொண்டே இருந்தால், ரோடு முடியப்போகிறது என்று தோன்றுகிற நேரத்தில் வருமே, அந்தப் போளூர். எங்களைத் தாண்டினால் கிளாவரை, அதற்கப்பால் கேரளத்துக் காடு. பூண்டும் உருளையும் கேரட்டும்தான் பிழைப்பு. எங்கள் தோட்டத்துக்குள் வந்து நாசம் பண்ணுவது காட்டுமாடும் பன்றியும். சிறுவயதில் எங்கள் ஊரில் நான் யானையைப் பார்த்ததே இல்லை. அது கீழ்மலைச் சமாசாரம். தாண்டிக்குடி, பெரும்பாறை, கே.சி.பட்டி, பேத்துப்பாறைப் பக்கம் போனால் யானைக்கதை இல்லாத வீடு கிடையாது. அங்கேதான் பஞ்சாமிர்தத்துக்குப் பெயர்போன மலைவாழை விளைகிறது. முருகனுக்கு எது பிடிக்குமோ அதுதான் அவன் அண்ணனுக்கும் பிடிக்கும்போல.

என் சின்னம்மாவைக் கீழ்மலையில்தான் கொடுத்திருந்தது. பள்ளி லீவில் போயிருந்தபோது ஒரு ராத்திரி தகர டின்னைத் தட்டும் சத்தத்தில் விழித்தேன். சித்தப்பா கையில் பந்தம். இருட்டில் வாழைமரம் முறியும் சத்தம் மட்டும் கேட்டது, வேறொன்றும் தெரியவில்லை. விடிந்து பார்த்தால் நாற்பது ஐம்பது மரம் தரையில். சித்தப்பா அந்தக் காலடித் தடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதன் பிறகு உட்கார்ந்து அழுதார். இரண்டையும் ஒரே ஆள் ஒரே காலையில் செய்ததை நான் பார்த்தேன். யானை விஷயத்தில் நம் ஜனங்களின் மனசு எப்படிப்பட்டது என்று யாராவது கேட்டால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

யானையைப் பகலில் நேராகப் பார்த்தது பழநியில். அங்கே தேருக்குப் பின்னால் யானை நின்று நெற்றியால் முட்டித் தள்ளும். இப்போது கஸ்தூரி செய்கிற வேலை அது. எங்கள் மேல்மலையில் பூம்பாறை குழந்தை வேலப்பர் தேருக்கு யானை கிடையாது. அங்கே நேர்மாறான ஒரு ஏற்பாடு உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன், இந்தப் பேச்சே அதற்காகத்தான்.

பி.காம். முடித்து வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தேன். எழுத்தராகவே ஓய்வும் பெற்றேன். நடுவில் மூன்று வருடம், தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், என்னைத் திருச்சூரில் போட்டிருந்தார்கள். வடக்குநாதர் கோயிலைச் சுற்றித் தேக்கின்காடு மைதானம், அதைச் சுற்றி ஸ்வராஜ் ரவுண்ட் என்ற வட்டச்சாலை. அந்தச் சாலைக்குப் பக்கத்திலேயே எங்கள் கிளை. ஆகவே பூரத்தை நான் டிவியில் பார்த்தவன் அல்ல. கதவைத் திறந்தால் பூரம்.

பூரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். நம்மில் பலர் அதை வாட்ஸ்அப்பில் வரும் ஒரு நிமிடப் படமாகத்தான் பார்த்திருக்கிறோம். விழாக்குழு நண்பரின் மனதில் இருப்பதும் அந்த ஒரு நிமிடம்தான்.

கொச்சி அரசர் சக்தன் தம்புரான் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஆரம்பித்து வைத்தது. அதற்கு முன்பு சுற்றுவட்டாரக் கோயில்கள் எல்லாம் ஆறாட்டுப்புழை பூரத்துக்குப் போவது வழக்கம். ஒரு வருடம் மழையில் தாமதமாகிப் போனபோது சேர்த்துக்கொள்ளவில்லை என்றும், முறையிட்டவர்களுக்குத் தம்புரான் திருச்சூரிலேயே தனிப் பூரம் வைத்துக்கொடுத்தார் என்றும் சொல்வார்கள். மலையாள மேட மாதம், பூர நட்சத்திரம், அதாவது நம் சித்திரை வெயில். திருவம்பாடி ஒரு கட்சி, பாறமேக்காவு ஒரு கட்சி. இவை தவிர எட்டுச் சிறிய கோயில்கள். விடிந்தும் விடியாததுமாக முதலில் வருவது கணிமங்கலம் சாஸ்தா. இதில் வேடிக்கை, வடக்குநாதர் வெறும் வீட்டுக்காரர். அவருடைய முற்றத்தில் எல்லாரும் வந்து கொண்டாடிவிட்டுப் போகிறார்கள், அவர் வெளியே வருவதில்லை.

பூரத்துக்கு முன்பே ஆனைச்சமயப் பிரதர்சனம் என்று ஒன்று வைப்பார்கள். யானைக்குப் போடும் அலங்காரச் சாமான்களின் கண்காட்சி. தங்க முலாம் பூசிய செப்புக் குமிழ்களைத் துணியில் நெருக்கி நெருக்கித் தைத்த நெற்றிப்பட்டம். மயிற்பீலியில் கட்டிய ஆலவட்டம். வெண்சாமரம். பட்டுக்குடைகள். வரிசையில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு நெற்றிப்பட்டத்தையும் ஏதோ பெண்ணுக்கு நகை போல விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். ஏற்பாடு செய்தவர்கள் எத்தனை மாதம் உட்கார்ந்து தைத்தார்களோ. அழகு, அதில் பொய் இல்லை.

பூர நாளில் மதியம் இரண்டு மணிக்கு மேல் கோயில் மதிலுக்குள் இலஞ்சித்தறை மேளம். இலஞ்சி என்றால் நம் மகிழமரம். செண்டை, இலத்தாளம், கொம்பு, குழல் என்று இருநூறுக்கு மேற்பட்ட ஆட்கள் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வாசிக்கும் பாண்டி மேளம். முதல் அரை மணி எனக்கு ஒன்றும் புரியவில்லை. போகப்போகக் கை தானாக மேலே எழும்பியது. பக்கத்தில் நின்றவர் ஒரு மளிகைக்கடை முதலாளி, எங்கள் கிளையில் ஓவர்டிராஃப்ட் வைத்திருந்தவர். தவணை கட்டச் சொன்னால் முகம் சுருங்குபவர், அன்று கண்ணீர் வழியக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் தெற்கு கோபுரம் வழியாக இரண்டு கட்சியும் இறங்கி, பதினைந்துக்குப் பதினைந்தாக முப்பது யானை எதிரும் புதிருமாக நிற்கும். பிறகு குடைமாற்றம். இந்தப் பக்கம் சிவப்புக் குடை விரிந்தால் அந்தப் பக்கம் பச்சை. ஐம்பது செட் அளவுக்கு மாற்றுவார்கள். விடிகாலை மூன்று மணி வாக்கில் வெடிக்கெட்டு. ஜன்னல் கண்ணாடி எல்லாம் அதிரும்.

முதல் வருடம் நான் பூரத்தைப் பார்த்தேன். இரண்டாம் வருடம்தான் யானையைப் பார்த்தேன்.

எங்கள் கிளையில் ஒரு யானைப்பாகன் சேமிப்புக் கணக்கு வைத்திருந்தார். பெயர் வேண்டாம். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், நான் சேட்டன் என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய லெட்ஜர் பக்கத்தைப் பார்த்தாலே திருவிழாக் காலம் எது என்று சொல்லிவிடலாம். மார்கழியிலிருந்து சித்திரை வரை சின்னச்சின்ன வரவு, ஐம்பது, நூறு. மழை பிடித்தால் பற்று மட்டும். கொண்டுவரும் நோட்டில் எண்ணெய் வாசனையும் வேறொரு வாசனையும் இருக்கும். கேஷியர் மூக்கைச் சுளிப்பார். எனக்கு அந்த வாசனை பிடித்துப்போய் அவரிடம் பேச்சுக்கொடுக்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் கேட்டேன். "சேட்டா, மேளம் உச்சத்துக்குப் போகும்போது யானை காதை ஆட்டுகிறதே, ரசிக்கிறதா?" எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள், தாளம் போடுகிறது என்று. அவர் சிரித்துவிட்டார். "ரசிக்கல்ல சாரே. விசிறுது. சூடு."

அவருக்குப் படிப்பு நாலாம் வகுப்பு. பின்னால் நான் படித்துத் தெரிந்துகொண்டபோது அவர் சொன்னது அப்படியே சரியாயிருந்தது. யானைக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நகக்கண் ஓரத்தைத் தவிர வியர்வைச் சுரப்பி கிடையாது. காதில்தான் ரத்தக்குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன, அதை ஆட்டித்தான் உடம்பின் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. நிழலும் சேறும் தண்ணீரும் தேடி அலைகிற, கறுத்த தோலுள்ள பிராணி. அதைத்தான் சித்திரை மதியத்தில் தார்ச்சாலையில் நிறுத்துகிறோம். அது காதை ஆட்டும் வேகத்தைப் பார்த்து நாம் கைதட்டுகிறோம்.

அந்த வருடம் குடைமாற்றம் முடிந்த ராத்திரி, யானைகளைக் கட்டியிருந்த தோப்புக்கு என்னை அழைத்துப் போனார். "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்பது பழமொழி. எனக்கு முதலில் கேட்டது சங்கிலியோசை. நெற்றிப்பட்டத்தைக் கழற்றி மடித்து வைத்துவிட்டார்கள். அது இல்லாமல் பார்த்தால் முகம் வேறு மாதிரி இருந்தது, ஒப்பனை கலைத்த கூத்துக்காரன் முகம் போல. டார்ச் அடித்து முன்னங்காலைக் காட்டினார். சங்கிலி பட்ட இடத்தில் தோல் வழன்று, ஆறி, மறுபடி வழன்று வளையம் போட்டிருந்தது. அதில் ஏதோ பச்சிலை எண்ணெயைத் தடவினார். தடவும்போது அதனிடம் மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பேசுவோமே அப்படி. "இதுக்குப் பூரம் தெரியாது சாரே. எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும்" என்றார். அவர் யானையை வதைத்த ஆள் அல்ல. அதே சமயம் கையில் துரட்டி இல்லாமல் அவரை நான் பார்த்ததும் இல்லை. இரண்டும் உண்மை.

என்னை அவர் ஒரு நல்ல இடத்துக்கும் அழைத்துப் போயிருக்கிறார். கர்க்கடக மாதம் முதல் தேதி, அதாவது ஆடி பிறப்பை ஒட்டி, அதே வடக்குநாதர் கோயிலில் ஆனையூட்டு. காலையில் பெரிய கணபதி ஹோமம் நடக்கும். பிறகு யானைகள் வரிசையாக நிற்கும். நெற்றிப்பட்டம் கிடையாது, வெடி கிடையாது. சோறு, வெல்லம், நெய், மஞ்சள் எல்லாம் பிசைந்த கவளம், வாழைப்பழம், கரும்பு. ஊரே வந்து யானை வாயில் ஊட்டிவிட்டுப் போகிறது. அந்த மழை மாதத்தில் யானைகளுக்கு மருந்து, எண்ணெய்க் குளியல் என்று ஓய்வும் கொடுப்பார்கள். எனக்குப் பூரத்தைவிட ஆனையூட்டு பிடித்திருந்தது என்று சேட்டனிடம் சொன்னேன். "இதுக்கும் அதுதான் பிடிக்கும்" என்றார்.

அடுத்த மாசியில் ஒருநாள் என் கவுண்டருக்கு ஒரு அம்மாவும் பதினேழு பதினெட்டு வயதுப் பெண்ணும் வந்தார்கள். பாஸ்புக்கை நீட்டினார்கள். அந்த எண்ணெய் வாசனையை வைத்தே யார் பாஸ்புக் என்று தெரிந்துவிட்டது. யானைக்கு மதம் பிடித்திருந்த சமயம், தண்ணீர் வைக்கப் போனவரை அது விடவில்லை. பன்னிரண்டு வருடம் கூடவே இருந்த யானை. மனைவிதான் நாமினி. இறந்தவர் கணக்கை முடிக்கும் படிவத்தை நானே நிரப்பினேன். கையெழுத்து வாங்குமிடம் வந்ததும், அவசரத்தில் இங்க் பேடை அந்த அம்மா பக்கம் தள்ளிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பேனாவை எடுத்து மலையாளத்தில் மணிமணியாகக் கையெழுத்துப் போட்டார். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த இங்க் பேடை இன்னும் மறக்க முடியவில்லை. இருப்பு நாலாயிரத்து முந்நூற்றுச் சொச்சம். வவுச்சர் போட்டு, எண்ணிக் கொடுத்து, லெட்ஜரில் குறுக்கே சிவப்புக் கோடு போட்டேன். அந்தச் சித்திரையில் அதே யானை அதே நெற்றிப்பட்டத்தோடு நின்றது. மேலே வேறு ஆள்.

இதெல்லாம் பழங்கதை, இப்போது சட்டம் வந்துவிட்டதே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். சட்டம் வந்திருக்கிறது. நடந்ததையும் பாருங்கள்.

கேரளத்தில் மிக உயரமான வளர்ப்பு யானை என்று பெயர் பெற்ற தெச்சிக்கோட்டுக்காவு ராமச்சந்திரன், 2019 பிப்ரவரியில் குருவாயூர் அருகே பட்டாசுச் சத்தத்தில் மிரண்டு இரண்டு பேரைக் கொன்றது. சில மாதங்களிலேயே அதை மறுபடி பூரத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஊரே திரண்டது. மருத்துவப் பரிசோதனை செய்து, ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அனுமதித்தார்கள். 2024 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இரண்டு யானைக்கு நடுவே மூன்று மீட்டர், யானைக்கும் ஜனங்களுக்கும் நடுவே எட்டு மீட்டர் இடைவெளி வேண்டும் என்று விதி போட்டது. அப்படியானால் பூரமே நடத்த முடியாது என்று தேவஸ்தானங்கள் உச்ச நீதிமன்றம் போய், டிசம்பரில் அதற்குத் தடை வாங்கின. இரண்டே மாதம். 2025 பிப்ரவரியில் கோழிக்கோடு மாவட்டம் கொயிலாண்டிப் பக்கத்தில் ஒரு கோயில் விழாவில் வெடிச் சத்தத்துக்கு இரண்டு யானைகள் மிரண்டு ஒன்றையொன்று முட்டின. நெரிசலிலும் இடிபாட்டிலுமாக மூன்று பேர் இறந்தார்கள்.

அதெல்லாம் மலையாள நாடு என்று சொல்ல வேண்டாம். இதோ இருக்கிறது திருப்பரங்குன்றம். 2020 மே மாதம், ஊரடங்கு நேரம், கூட்டமில்லை, மேளமில்லை, வெடியில்லை. கோயில் யானை தெய்வானை தன் பாகனையே கொன்றது. 2024 நவம்பர் 18-இல் திருச்செந்தூரில், அந்த யானைக்கும் தெய்வானை என்றுதான் பெயர், பாகனும் அவருடைய உறவினரும் இறந்தார்கள். இரண்டும் பெண் யானைகள். பெண் யானை சாது, மதம் பிடிக்காது, ஆகவே பெண் யானையாகப் பார்த்துக் கொண்டுவரலாம் என்பது நம் நண்பரின் வாதம் என்பதால் இதைச் சொல்கிறேன். இந்த யானைகள் கெட்டவை என்று நான் சொல்லவில்லை. கூட்டமாக வாழப் பிறந்த பிராணியைத் தனியாகக் கருங்கல் தரையில் வருடக்கணக்கில் கட்டிவைத்தால் ஒருநாள் அதற்கு என்ன தோன்றும் என்று யாரால் சொல்ல முடியும்?

நம் அரசும் யோசிக்காமல் இல்லை. 2003-இல் முதுமலையில் கோயில் யானைகளுக்கு நலவாழ்வு முகாம் ஆரம்பித்தார்கள், பின்னால் தேக்கம்பட்டியில் பவானி ஆற்றங்கரையில் 48 நாள் நடத்தினார்கள். அங்கே போன யானைகள் மற்ற யானைகளோடு சேர்ந்து ஆற்றில் கிடந்ததைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். நம் மீனாட்சி அம்மன் கோயில் பார்வதிக்குக் கண்ணில் புரை என்று தாய்லாந்திலிருந்து மருத்துவர்களை வரவழைத்தார்கள். 2023-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இனிமேல் கோயிலோ தனியாரோ புதிதாக யானை வாங்கக் கூடாது என்றே சொல்லிவிட்டது. இருக்கும் யானைகளை நன்றாகப் பார்த்துக்கொள்வது, அவற்றோடு இந்த வழக்கம் முடிந்துபோவது என்ற திசையில் காரியம் போகிறது. எனக்கு இதில் வருத்தமும் உண்டு. என் பேத்தியின் பிள்ளைகள் கோயில் வாசலில் யானையிடம் ஆசீர்வாதம் வாங்க மாட்டார்கள்.

உலகம் பூராவும் இதே இழுபறிதான். ஜெய்ப்பூரில் ஹோலியை ஒட்டி யானை மேலெல்லாம் வண்ணக்கோலம் எழுதி ஊர்வலம், அழகுப்போட்டி என்று நடத்தினார்கள். எதிர்ப்பு கிளம்பி 2012 வாக்கில் அதை நிறுத்தினார்கள். மைசூர் தசராவில் இன்னும் 750 கிலோ தங்க அம்பாரி யானை முதுகில்தான். அதைப் பல வருடம் சுமந்த அர்ஜுனா 2023 டிசம்பரில், பணியில் இருக்கும்போதே காட்டுயானை முட்டி இறந்தது. கண்டி பெரஹராவில் புனிதப் பேழை சுமந்த ராஜா 1988-இல் இறந்தபோது இலங்கையே துக்கம் அனுசரித்தது. அதன் உடலைப் பாடம் செய்து தலதா மாளிகையில் வைத்திருக்கிறார்கள். அன்பு இல்லாமல் இதெல்லாம் நடக்குமா? அன்பு இருக்கிறது. என் சித்தப்பா மாதிரிதான் எல்லாரும்.

இனி நம் கணக்குக்கு வருவோம்.

நண்பரோடு சேர்ந்து நானும்தான் தரகரிடம் போனில் பேசினேன். வாடகை, லாரி, பாகன் பேட்டா எல்லாம் கடகடவென்று சொன்னார். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் யானை முதல் அட்டவணையில் இருக்கிறது. வைத்திருப்பவரிடம் உரிமைச் சான்று வேண்டும், ஊர் விட்டு ஊர் கொண்டுபோக வனத்துறை அனுமதி வேண்டும். "சான்றிதழ் நகல் ஒன்று அனுப்புங்கள்" என்றேன். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றார். இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் என் தலை நரைத்தது. பத்திரம் இல்லாமல் கடன் கேட்ட ஒவ்வொருவரும் சொன்னது இதே வாக்கியம்தான்.

நம் வளாகத்துக்கு ஒரே வாசல். அந்த நாளில் உள்ளே எத்தனை குழந்தைகள், எத்தனை வீல்சேர், எத்தனை செல்போன் ஃபிளாஷ், மேலே ட்ரோன் வேறு. வாசலில் மேளம், பின்னால் வெடி. நான்கு டன் எடையுள்ள ஒரு உயிர் மிரண்டு திரும்பினால் நாம் எந்தப் பக்கம் ஓடுவது? லிஃப்ட் பட்டனை அழுத்திக் காத்திருப்பதா? ஒரு மணி நேரம்தானே என்கிறார்கள். நமக்கு ஒரு மணி நேரம். அதற்கு லாரியில் ஏறி, நின்றபடி வந்து, இறங்கி, மறுநாள் வேறொரு கல்யாணத்துக்குப் போக வேண்டும்.

இயந்திர யானை வைத்துக்கொள்ளலாமே என்று இளைஞர்கள் கேட்டார்கள். 2023-இல் திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலில் இரும்புச் சட்டமும் ரப்பரும் வைத்துச் செய்த, பதினோரு அடி உயர ராமன் என்ற யானையை நடைக்கு வைத்தார்கள். தலை, கண், காது, தும்பிக்கை எல்லாம் மோட்டாரில் அசையும். எனக்கு மனசு ஒட்டவில்லை, பொருட்காட்சி ஞாபகம் வருகிறது. ஆனால் விழாக்குழுவுக்கு யானை உருவம் வேண்டியே தீரும் என்றால், அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். அதற்குக் கால் பொத்துப்போகாது, யார் வீட்டு அம்மாவும் பாஸ்புக்கோடு வந்து நிற்க வேண்டியதில்லை.

என் யோசனை வேறு. பூம்பாறை என்று சொன்னேனே. தைப்பூசத்தை ஒட்டி அங்கே குழந்தை வேலப்பர் தேர். மலைக்கிராமம், தெருவெல்லாம் ஏற்ற இறக்கம். மற்ற ஊரில் தேருக்கு முன்னால் மட்டும்தான் வடம். அங்கே பின்னாலும் வடம் கட்டுவார்கள். ஏற்றத்தில் முன்வடக்காரர்கள் இழுப்பார்கள். இறக்கத்தில் பின்வடக்காரர்கள் குதிகாலை ஊன்றித் தேரைப் பிடித்து நிறுத்துவார்கள். போளூரிலிருந்து நாங்கள் போனால் என் அப்பா முன்வடம் பக்கமே போக மாட்டார். "இழுக்கிறதுக்கு ஆயிரம் பேரு வருவான், பிடிக்கிறதுக்குத்தான் ஆளு வேணும்" என்று பின்னால் போய் நின்றுவிடுவார். பத்து வயதில் நானும் அந்தக் கயிற்றில் தொங்கியிருக்கிறேன். உள்ளங்கை இரண்டு நாள் எரியும்.

நம் வளாகத்தில் ஏ பிளாக் முகப்பிலிருந்து கோயிலுக்கு வரும் பாதை சரிவு என்பது, மழைநாளில் வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும். தீர்த்தக்குடத்தோடு பிள்ளையாரின் உற்சவர் படத்தை ஒரு சின்னச் சப்பரத்தில் வைத்து, முன்னும் பின்னும் வடம் கட்டி நாமே இழுத்து வருவோம். தச்சு வேலைக்கு ஆள் பேசிவிட்டேன், யானை வாடகையில் பாதிகூட ஆகாது. திருச்சூர்ப் பட்டுக்குடை நான்கு என் செலவில் வாங்கித் தருகிறேன். குடை மாற்றும் வேலை என் பேத்திக்கும் அவள் கூட்டாளிகளுக்கும். இதைச் சொன்னதும் அவள் சோபாவிலிருந்து இறங்கிவிட்டாள். மறுநாள் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எல்லாருமாக ஒரு வண்டி பிடித்து, விரும்புகிறவர்கள் பார்வதிக்குக் கரும்பு வாங்கிக்கொண்டு போகலாமா என்றும் யோசித்தேன். கண்ட தீனியும் கொடுக்கக் கூடாது என்பதால், கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு சொல்கிறேன்.

முன்வடத்துக்கு ஏற்கனவே இருபத்திரண்டு பெயர் வந்துவிட்டது, அதில் பதினெட்டு பேர் சி பிளாக். பின்வடத்துக்கு இதுவரை நானும், காலையில் என்னோடு நடக்கிற அந்த நண்பரும்தான். குறைந்தது பத்துப் பேராவது வேண்டும். முழங்கால் வலி இல்லாதவர்கள் அடுத்த கூட்டத்துக்கு முன்பாக அலுவலகத்தில் இருக்கும் நோட்டில் பெயரும் வீட்டு எண்ணும் எழுதிவையுங்கள். கையெழுத்து போதும், இங்க் பேடு வைக்கவில்லை.